நாய்களின் புற்றுநோயும் இரத்த நீர்ம மருத்துவமும்

நாய்க்கு வரும் புற்றுநோயை இரத்தத்தைக் கொண்டே குணப்படுத்த முடியுமா என்ற தேடல் நூறாண்டுகளைக் கடந்தது. அதில் இரண்டு வழிகள் முயலப்பட்டன. முதலாவது, புற்றிலிருந்து தானாக மீண்ட நாயின் இரத்தத்தையோ ஊநீரையோ நோயுற்ற நாய்க்கு ஏற்றுவது. இரண்டாவது, நோயுற்ற நாயின் இரத்த நீர்மத்தையே வெளியே எடுத்து, வடிகட்டி, அதற்கே திருப்பி ஏற்றுவது. முதல் வழி 1900களின் தொடக்கத்திலும், இரண்டாம் வழி 1970களின் இறுதியிலிருந்தும் ஆராயப்பட்டன. இரண்டிலுமே கட்டிகள் சுருங்கின என்று நல்ல அறிஞர்கள் எழுதினார்கள். ஆயினும் இன்று எந்த நாட்டுக் கால்நடை மருத்துவமனையிலும் இவை புற்றுநோய்க்கான வழக்கமான சிகிச்சையாக இல்லை. அதன் காரணம் இந்த வரலாற்றுக்குள்ளேயே இருக்கிறது.

இரத்த நீர்மம்

இரத்தத்தில் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகியவற்றை நீக்கிவிட்டால் எஞ்சும் வெளிர்மஞ்சள் திரவமே இரத்த நீர்மம். பிளாஸ்மா என்றால் எல்லோருக்கும் புரியும். இரத்தத்தின் கொள்ளளவில் ஏறத்தாழ 55 விழுக்காடு இதுதான். அதில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மீதியில் ஆல்புமின், இரத்தம் உறைவதற்கான புரதங்கள், நோயை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள், உப்புகள் முதலியன உள்ளன. பிளாஸ்மாவிலிருந்து உறைபுரதங்கள் நீங்கினால் கிடைப்பது ஊநீர், அதாவது சீரம். பழைய ஆய்வாளர்கள் பெரும்பாலும் சீரத்தையோ முழு இரத்தத்தையோதான் பயன்படுத்தினார்கள். பிளாஸ்மாவைத் தனியே பிரித்து ஓடவிடும் கருவிகள் பின்னால்தான் வந்தன.

நாய்க்கு நாய் இரத்தம் ஏற்றுவது புதிய செய்தி அல்ல. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் ரிச்சர்டு லோயர் என்னும் மருத்துவர் 1660களின் நடுவில் ஒரு நாயின் தமனியை மற்றொரு நாயின் சிரையோடு குழாயால் இணைத்துக் காட்டினார். நாய்களுக்கும் இரத்த வகைகள் உண்டு. ஆனால் மனிதருக்கு இருப்பதுபோல் பிறவியிலேயே வலுவான எதிர்ப்பொருள்கள் அவற்றின் இரத்தத்தில் பொதுவாக இருப்பதில்லை. ஆகவே முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலான நாய்கள் தாங்கிக்கொள்கின்றன. இரண்டாம் முறைதான் ஆபத்து. ஆய்வகங்களில் இரத்தப் பரிசோதனைகளுக்கு நாயே முதலில் மேசைக்கு வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

ஊநீர் மருத்துவத்தின் காலம்

1890இல் பெர்லினில் எமில் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோவும், தொண்டை அடைப்பான் நோய்க்கும் இரணஜன்னிக்கும் எதிராகத் தயாரான விலங்கின் ஊநீரைக் கொண்டு மற்றொரு விலங்கைக் காக்கலாம் என்று காட்டினார்கள். இந்த வெற்றி மருத்துவ உலகை ஆட்டிவைத்தது. எல்லா நோய்க்கும் ஒரு ஊநீர் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கை பரவியது. புற்றுநோய் மட்டும் விதிவிலக்காக இருக்குமா என்ன?

பாரிசில் சார்ல் ரிஷேயும் ஜூல் எரிகூரும் 1895இல் அதைச் செய்து பார்த்தார்கள். மனிதரிடமிருந்து வெட்டியெடுத்த எலும்புப் புற்றை அரைத்து, அதன் சாற்றை ஒரு கழுதைக்கும் இரண்டு நாய்களுக்கும் செலுத்தினார்கள். சில நாள் கழித்து அவ்விலங்குகளின் ஊநீரை எடுத்துப் புற்றுநோயாளிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். நோயாளிகளுக்கு நலம் ஏற்பட்டதாகவே அறிக்கை எழுதப்பட்டது. பிறர் செய்தபோது அந்த நலம் நிலைக்கவில்லை.

இதே ரிஷே சில ஆண்டுகளில் போல் போர்ட்டியே என்பவரோடு சேர்ந்து வேறொன்றைக் கண்டார். கடல் சாமந்தி எனப்படும் கடலுயிரியின் நஞ்சைச் சிறு அளவில் நாய்களுக்குச் செலுத்தினார்கள். நெப்டியூன் என்ற நாய் முதல் ஊசியைத் தாங்கிக்கொண்டது. ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து அதே அளவு நஞ்சைச் செலுத்தியதும் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி இறந்தது. பழகினால் பாதுகாப்பு வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் அதற்கு நேர்மாறானது நடந்தது. 1902இல் வெளியிடப்பட்ட இந்தக் கண்டுபிடிப்புக்காக 1913இல் ரிஷேக்கு நோபல் பரிசு கிடைத்தது. அன்னியப் புரதத்தை, அதாவது மற்றோர் உயிரின் ஊநீரை, மீண்டும் மீண்டும் ஏற்றுவதில் உள்ள ஆபத்தை மருத்துவர்கள் புரிந்துகொள்ள இது பெரிதும் உதவியது.

தொற்றும் கட்டி

நாய்களுக்கு ஒரு விசித்திரமான புற்று உண்டு. இனப்பெருக்க உறுப்பில் பூக்கோசு போலக் கிளைத்து, இரத்தம் கசியும் கட்டி. இணை சேரும்போது ஒரு நாயிடமிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். நக்குவதாலும் முகர்வதாலும் மூக்குக்கும் வாய்க்கும் கூட வரும். தெருநாய்கள் மிகுந்த நம் ஊர்களில் கால்நடை மருத்துவர்கள் நன்கு அறிந்த நோய் இது. நெய்வேலி நகரியத்தில் வட்டத்துக்கு வட்டம் கூட்டமாகத் திரியும் நாய்களில், பின்புறம் இரத்தம் சொட்ட நடக்கும் ஒன்றைப் பார்க்காதவர் குறைவு. அடிபட்டிருக்கும் என்றோ பருவம் என்றோ நினைத்துக் கடந்துபோய்விடுகிறோம்.

இது கிருமியால் தொற்றும் நோயன்று. புற்றுச் செல்லே ஒரு நாயிலிருந்து உதிர்ந்து மற்றொரு நாயில் ஒட்டி வளர்கிறது. ஒரு மரக்கிளையை வெட்டி இன்னொரு மரத்தில் ஒட்டுக் கட்டுவது போல என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். நாயின் செல்லில் 78 நிறப்புரிகள் உண்டு. இந்தக் கட்டியின் செல்களில் அறுபதை ஒட்டிய எண்ணிக்கையே இருக்கும். 2006இல் இலண்டனைச் சேர்ந்த கிளாடியோ முர்ஜியா, ராபின் வைஸ் ஆகியோரின் குழு இத்தாலி, இந்தியா, கென்யா போன்ற நாடுகளின் நாய்களிலிருந்து கட்டிகளை எடுத்து மரபணுச் சோதனை செய்தது. ஒவ்வொரு கட்டியும் அது வளர்ந்த நாயோடு ஒத்துப்போகவில்லை. கட்டிகள் தமக்குள்தான் ஒத்துப்போயின. என்றோ வாழ்ந்து மடிந்த ஒரே ஒரு நாயின் செல்கள்தாம் இன்றுவரை உலகெங்கும் உலவுகின்றன. 2019இல் 43 நாடுகளின் 546 கட்டிகளை ஆராய்ந்த பெரிய ஆய்வு, அந்த மூல நாய் 4,000 முதல் 8,500 ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் வாழ்ந்திருக்கலாம் என்று கணித்தது. கடல்வழிப் பயணங்களின் காலத்தில், ஏறத்தாழ 500 ஆண்டுகளுக்கு முன், அது அமெரிக்கக் கண்டத்தை அடைந்தது.

இதெல்லாம் தெரியாத காலத்திலேயே ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நொவின்ஸ்கி என்னும் கால்நடை மருத்துவர் 1876இல் இந்தக் கட்டியின் துண்டை வேறு நாய்க்குட்டிகளில் நட்டு வளர்த்துக் காட்டினார். ஓர் உயிரின் புற்றை மற்றோர் உயிரில் வளர்த்த முதல் சோதனை என்று இதைச் சொல்வார்கள். முப்பது ஆண்டு கழித்து ஜெர்மனியில் ஸ்டிக்கர் விரிவாக ஆராய்ந்ததால், ஸ்டிக்கர் கட்டி என்ற பெயரும் இதற்கு உண்டு. விரும்பியபோது நட்டு, கண்ணெதிரே வளர்வதைப் பார்க்கக்கூடிய புற்று கிடைத்ததும் ஆய்வாளர்களுக்கு அது பெரிய வாய்ப்பாயிற்று.

கிரைலும் பீபியும்

நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜேம்ஸ் யூயிங்கும் சைலஸ் பீபியும் இந்த நாய்க்கட்டியை ஆராய்ந்து 1906இல் எழுதினார்கள். குழந்தைகளின் எலும்புப் புற்று ஒன்றுக்குப் பிற்காலத்தில் பெயர் கொடுத்த யூயிங்தான் இவர். நட்ட கட்டிகளில் பல சில காலம் வளர்ந்துவிட்டுத் தாமாகவே கரைந்ததை அவர்கள் கண்டார்கள். ஒருமுறை கரைந்த நாயில் மீண்டும் நட்டால் கட்டி பிடிப்பதில்லை. அம்மை வந்து போனவனுக்கு மறுபடி அம்மை வராதது போல.

அப்படியானால் மீண்ட நாயின் இரத்தத்தில் ஏதோ காவல் இருக்க வேண்டும். அதைச் சோதிக்க முன்வந்தவர் கிளீவ்லாந்து நகரின் அறுவை மருத்துவர் ஜார்ஜ் கிரைல். மனிதருக்கு நேரடியாக இரத்தம் ஏற்றும் அறுவையில் அக்காலத்தில் பெயர் பெற்றவர். இரத்தம் உறையாமல் காக்கும் வேதிப்பொருள் வழக்கத்துக்கு வராத நாட்கள் அவை. கொடுப்பவரின் தமனியையும் பெறுபவரின் சிரையையும் சிறு உலோகக் குழல் வைத்து இணைத்துவிட வேண்டும். எவ்வளவு இரத்தம் போயிற்று என்று அளக்கவும் வழியில்லை. நாடியையும் முகத்தின் நிறத்தையும் பார்த்துத்தான் நிறுத்துவார்கள்.

கிரைலும் பீபியும் 1908இல் தம் சோதனையை வெளியிட்டார்கள். கட்டி வளர்ந்துகொண்டிருக்கும் நாயின் உடலிலிருந்து முதலில் இரத்தத்தை வடித்தார்கள். பிறகு கட்டி கரைந்து மீண்ட நாயின் இரத்தத்தை அதற்கு ஏற்றினார்கள். வெறுமனே கொஞ்சம் நல்ல இரத்தம் சேர்ப்பது போதாது, கட்டிக்குப் பழகிப்போன பழைய இரத்தத்தையும் அகற்ற வேண்டும் என்பது அவர்களின் கருத்து. அப்படிச் செய்த நாய்களில் கட்டிகள் கரைந்ததைக் கண்டதாக அவர்கள் எழுதினார்கள். நாய்ப் புற்றுக்கு இரத்தம் வழியாகச் செய்த மருத்துவத்தில் பெயர் சொல்லத்தக்க முதல் முயற்சி இதுவே.

இதில் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. அதே கட்டி தானாகவும் கரையும். இரத்தம் ஏற்றிய நாயில் கட்டி கரைந்தால் அது இரத்தத்தால் கரைந்ததா, கரைய வேண்டிய நாள் வந்ததால் கரைந்ததா? ஒரே வயது, ஒரே அளவு கட்டி உள்ள நாய்களை இரண்டு கூட்டமாகப் பிரித்து, ஒன்றுக்கு மீண்ட நாயின் இரத்தத்தையும் மற்றொன்றுக்குக் கட்டியே வராத சாதாரண நாயின் இரத்தத்தையும் ஏற்றிப் பார்த்தால்தான் விடை தெரியும். ஒப்பீட்டுக் கூட்டத்தைக் கண்டிப்பாக வைக்கும் பழக்கம் அன்று மருத்துவத்தில் வேரூன்றவில்லை. நாய்கள் எண்ணிக்கையும் கொஞ்சம்.

இது எவ்வளவு பெரிய சிக்கல் என்பது அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கார்ல்சனும் மேனும் 1952இல் வெளியிட்ட ஆய்வில் தெளிவாயிற்று. பதினேழு ஆண்டுகளில் இந்தக் கட்டியை நாய்க்கு நாய் நாற்பது தலைமுறை மாற்றி நட்டு வந்திருந்தார்கள். நட்ட நாய்களில் பெரும்பாலானவற்றில் கட்டி தானாகவே மறைந்தது. ஆகவே இந்தக் கட்டியில் எந்த மருந்தைக் கொடுத்தாலும், பொறுமையாகக் காத்திருந்தால், மருந்து வென்றதுபோலவே தோன்றும். அதே சமயம் கிரைலின் ஊகம் முழுவதும் பொய் என்றும் சொல்ல முடியாது. 1960களில் செய்த கவனமான சோதனைகளில், மீண்ட நாய்களின் ஊநீர் கட்டி வளர்வதைத் தடுக்கும் என்பது நிறுவப்பட்டது. காவல் இரத்தத்தில் இருந்தது உண்மை. ஆனால் நன்றாக வளர்ந்துவிட்ட கட்டியை அழிக்க அது போதுமா என்பது வேறு கேள்வி.

கிரைல் பின்னாளில், 1921இல், கிளீவ்லாந்து கிளினிக் என்னும் புகழ்பெற்ற மருத்துவமனையை நிறுவியவர்களில் ஒருவரானார். பீபியின் பாதை வேறாகப் போயிற்று. 1915இல் அவர் ஹொரோவிட்ஸ் என்பவரோடு சேர்ந்து ஆட்டோலைசின் என்ற மூலிகைச் சாற்றைப் புற்றுநோய் மருந்தாக முன்வைத்தார். செய்தித்தாள்களில் பெரும் பரபரப்பு. மருத்துவச் சங்கத்தின் இதழ் அதைக் கடுமையாக மறுத்தது. அதோடு அந்த மருந்து மறைந்தது. நல்ல ஆய்வகத்தில் நல்ல கட்டுரைகள் எழுதிய ஒருவர் ஏழே ஆண்டுகளில் இந்த இடத்துக்கு வந்தது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. தானே கரையும் கட்டிகளைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, எல்லாக் கட்டியும் கரையும் என்று தோன்றியிருக்கலாம்.

பிளாஸ்மாவைக் கழுவுதல்

இரண்டாம் உலகப் போரில் போர்முனைக்கு அனுப்புவதற்காக பிளாஸ்மாவைப் பிரிக்கும் தொழில் வளர்ந்தது. எட்வின் கோன் என்னும் வேதியியலர் அதிலிருந்து ஆல்புமினையும் எதிர்ப்பொருள் பகுதியையும் தனித்தனியாக எடுக்கக் கற்றுக்கொடுத்தார். பின்னர் நோயாளியின் இரத்தத்தைத் தொடர்ந்து எடுத்து, சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, அணுக்களைத் திருப்பி அனுப்பும் எந்திரங்கள் வந்தன. புற்றாய்வுக்கும் அவை பயன்பட்டன.

இம்முறை அடிப்படைக் கருத்து தலைகீழானது. கிரைல் வெளியிலிருந்து காவல் தேடினார். 1970 வாக்கில் சியாட்டில் நகரில் ஆய்வு செய்த ஹெல்ஸ்ட்ராம் தம்பதியர், காவல் நோயாளியின் உடலிலேயே இருக்கிறது, அதைக் கட்டிப்போடும் ஏதோ ஒன்று பிளாஸ்மாவில் இருக்கிறது என்றார்கள். புற்று உள்ளவரின் வெள்ளையணுக்கள் கண்ணாடிக் குடுவையில் புற்றுச் செல்களைக் கொன்றன. அதே குடுவையில் அவரது ஊநீரைச் சேர்த்தால் கொல்லவில்லை. புற்றிலிருந்து உதிர்ந்த பொருள்களும் அவற்றைப் பற்றிய எதிர்ப்பொருள்களும் சேர்ந்த கூட்டுகள், வெள்ளையணுவின் கண்ணை மறைக்கின்றன என்று விளக்கம் சொன்னார்கள். அந்தக் கூட்டுகளை அகற்றினால்?

அகற்றுவதற்கு இயற்கையே ஒரு கருவி வைத்திருந்தது. கட்டி, சீழ் உண்டாக்கும் ஸ்டாபிலோகாக்கஸ் என்னும் நுண்ணுயிரின் மேற்பரப்பில் புரதம் ஏ என்று ஒன்று உண்டு. அது எதிர்ப்பொருளின் வால் பகுதியைப் பற்றிக்கொள்ளும். ஆகவே, இந்த நுண்ணுயிரைக் கொன்று பதப்படுத்தி ஒரு வடிகட்டியில் அடைத்து அதன் வழியே பிளாஸ்மாவை ஓடவிட்டால், எதிர்ப்பொருள் கூட்டுகள் அதில் ஒட்டிக்கொள்ளும், மீதி திரும்பிவிடும். 1978இல் பன்சால் குழுவினர் குடல் புற்றுள்ள ஒரு மனிதரிடம் இதை முயன்றார்கள். ஹூஸ்டன் நகரின் பேலர் மருத்துவக் கல்லூரியில் டேவிட் டெர்மனும் அவரது குழுவும் நாய்களை எடுத்துக்கொண்டார்கள்.

டெர்மன் எடுத்தது ஆய்வகத்தில் நட்ட கட்டியை அல்ல. வளர்ப்பு நாய்களுக்குத் தாமாக வந்த மடிப் புற்றை. இது முக்கியமான வேறுபாடு. கருத்தடை செய்யாத பெண் நாய்களுக்கு வயதான காலத்தில் வரும் இந்தப் புற்று தொற்றும் கட்டியைப் போலத் தானே கரைவதில்லை. ஆகவே கரைந்தால் அதற்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும். 1980இல் அவர்கள் வெளியிட்ட செய்தி பலரை நிமிர்ந்து உட்கார வைத்தது. பிளாஸ்மாவை ஸ்டாபிலோகாக்கஸ் வழியே ஓட்டித் திருப்பி ஏற்றியதும் கட்டிகள் வீங்கிக் கறுத்து, உள்ளே பரவலாக அழுகத் தொடங்கின. அடுத்த ஆண்டு, நுண்ணுயிருக்குப் பதிலாகப் புரதம் ஏவை மட்டும் கரித்துகளில் பதித்த வடிகட்டியைக் கொண்டு, முற்றிய மார்பகப் புற்றுள்ள ஐந்து பெண்களிடம் செய்த சோதனை, அமெரிக்காவின் முதன்மையான மருத்துவ இதழில் வந்தது. கட்டிகள் சுருங்கின என்றது கட்டுரை. நாயிலிருந்து மனிதருக்கு ஓர் ஆண்டில் தாவிய வேகத்தை இன்றைய நெறிமுறைக் குழுக்கள் ஒப்புக்கொள்ளுமா என்பது ஐயமே.

மற்ற ஆய்வகங்களும் நாய்களில் செய்து பார்த்தன. சிலவற்றில் மடிப் புற்று சுருங்கியது. கூடவே கடும் காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்த வீழ்ச்சி. மாணவர்கள் இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளர்ந்த மனிதரின் பிளாஸ்மா ஏறத்தாழ 3 லிட்டர். ஒரு லிட்டருக்கு 10 கிராம் என்று வைத்தாலும் அதிலுள்ள முக்கிய எதிர்ப்பொருள் 30 கிராம். 200 மில்லிகிராம் புரதம் ஏ உள்ள ஒரு வடிகட்டி பிடித்துவைக்கக்கூடியது ஒரு கிராம் அளவே. முப்பதில் ஒன்றை எடுத்ததற்காகக் கட்டி சில மணி நேரத்தில் கறுத்துப்போகுமா? கண்ணை மறைத்த திரையை விலக்கினோம் என்ற விளக்கம் இந்தக் கணக்கில் தடுமாறுகிறது.

நியூயார்க்கின் விலங்கு மருத்துவ மையத்தோடு சேர்ந்து பணியாற்றிய கார்டன், மெக்யூவன் முதலியோர் 1983இல் வெளியிட்ட நாய் ஆய்வு இன்னும் நேராகக் கைவைத்தது. புரதம் ஏ இல்லாமலேயே, ஸ்டாபிலோகாக்கஸின் மேல் பிளாஸ்மாவை ஓட்டினாலும் கட்டியில் அதே விளைவு வந்தது. அதாவது வடிகட்டி எதை எடுத்தது என்பதைவிட, வடிகட்டியிலிருந்து எது கசிந்து நாயின் உடலுக்குள் போயிற்று என்பதே கேள்வி. நுண்ணுயிரின் நச்சுப் பொருள்கள், குறிப்பாக எண்டரோடாக்சின் என்னும் வகை, மிக நுண்ணிய அளவில் கசிந்தாலும் வெள்ளையணுக்களைக் கூட்டம் கூட்டமாகக் கிளப்பிவிடும். காய்ச்சலும் நடுக்கமும் அதன் அடையாளங்களே. டெர்மனும் பிற்காலத்தில் இந்த நச்சுப் பொருள்களைப் பற்றிய ஆய்வுக்கே திரும்பினார்.

இங்கே ஒரு பழைய பெயர் நினைவுக்கு வருகிறது. 1890களில் நியூயார்க்கின் எலும்பு அறுவை மருத்துவர் வில்லியம் கோலி, தோல் தொற்று வந்து கடும் காய்ச்சலில் கிடந்த ஒரு நோயாளியின் புற்று மறைந்ததை அறிந்து, நுண்ணுயிர்க் கலவையை ஊசியாகப் போட்டுக் காய்ச்சலை வரவழைத்துப் புற்றைக் கரைக்க முயன்றவர். பிளாஸ்மாவைச் சுத்தம் செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு ஹூஸ்டனில் செய்தது, தெரியாமலே கோலி செய்ததாக இருக்கலாம்.

புரதம் ஏ வடிகட்டி அதன் பிறகு வேறு வேலைக்குப் போயிற்று. புரோசோர்பா என்ற பெயரில் சியாட்டில் நிறுவனம் தயாரித்ததை, தட்டணுக்கள் அழியும் ஒரு நோய்க்காக 1987இலும் முடக்குவாதத்துக்காக 1999இலும் அமெரிக்க அரசு ஏற்றது. 2000களின் நடுவில் அதன் விற்பனை நின்றுவிட்டது. புற்றுநோய்க்கு அது ஒருபோதும் அனுமதி பெறவில்லை.

கண்ணை மறைக்கும் பொருள் என்ற கருத்து மட்டும் சாகவில்லை. அமெரிக்க மருத்துவர் ரிக்டன் லென்ட்ஸ் 1980களில் புற்றுநோயாளிகளின் இரத்தத்தை வடிகட்டும் முறையை வேறு வகையில் தொடர்ந்தார். அவ்வாறு வடித்தெடுத்த நீரை ஆராய்ந்தபோது, புற்றைக் கொல்லும் டிஎன்எஃப் என்னும் புரதத்தைப் பிடித்து முடக்கும் ஏற்பிகள் அதில் மிதந்தன என்று 1990இல் வெளியான கட்டுரை காட்டியது. அந்த ஏற்பிகளை மட்டும் குறிவைத்து அகற்றும் வடிகட்டிகளை நாய்களிலும் மனிதரிலும் சோதிக்கும் முயற்சிகள் அண்மைக் காலத்திலும் நடந்துள்ளன. அவை இன்னும் சோதனை நிலையிலேயே உள்ளன.

இந்தியத் தொடர்பு

பிளாஸ்மா வடிகட்டும் ஆய்வில் தொடக்கத்திலேயே இருந்தவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. பி. கே. ரே 1970களின் இறுதியில் அமெரிக்காவில் ஸ்டாபிலோகாக்கஸின் புற்றெதிர்ப்புத் தன்மையையும், பிளாஸ்மாவிலிருந்து எதிர்ப்பொருள்களை வெளியே வடிகட்டும் முறையையும் ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். நாடு திரும்பி இலக்னோவின் தொழில்சார் நச்சியல் ஆய்வு மையத்துக்கும் பின்னர் கல்கத்தாவின் போஸ் நிறுவனத்துக்கும் இயக்குநராக இருந்தார். வடிகட்டி இல்லாமல், தூய புரதம் ஏவை நேரடியாகச் செலுத்தினாலே எலிகளில் கட்டி வளர்ச்சி குறைகிறது என்பது அவரது குழுவின் ஆய்வு. நம் பாடநூல்களில் இவர் பெயர் இல்லை. இருந்திருக்கலாம்.

தமிழ்நாட்டில்

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கி, வேப்பேரிக்கு மாறி, 1936இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து நாட்டிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவப் பட்டம் வழங்கிய கல்லூரி. அதன் மருத்துவமனையில் நாய்களுக்கென இரத்த வங்கி இயங்குகிறது. உரிமையாளர்கள் தம் நாய்களைக் கூட்டிவந்து இரத்த தானம் செய்ய வைக்கிறார்கள். இரத்தத்தைச் சிவப்பணுவாகவும் பிளாஸ்மாவாகவும் பிரித்தால் ஒரு தானம் இரண்டு நாய்களுக்கு உதவும். புற்றுள்ள நாய்க்கும் அங்கு பிளாஸ்மா ஏற்றப்படலாம். ஆனால் புற்றைக் கரைப்பதற்காக அல்ல. மண்ணீரலில் வரும் ஒருவகைப் புற்று உடைந்து உள்ளே இரத்தம் கசியும்போதும், உறைபுரதங்கள் தீர்ந்துபோகும்போதும், அறுவைக்கு முன்னும் பின்னும் உயிரைத் தாங்கிப்பிடிக்கவே அது ஏற்றப்படுகிறது. பிளாஸ்மா ஏற்றினால் புற்று குணமாகும் என்று யாராவது பணம் கேட்டால், இந்த வேறுபாட்டை அவரிடமே கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது.

தொற்றும் கட்டிக்கோ நல்ல மருந்து இருக்கிறது. அது இரத்தத்திலிருந்து வந்ததன்று, செடியிலிருந்து வந்தது. நம் வீட்டு வாசலிலும் சுடுகாட்டு ஓரத்திலும் வளரும் நித்தியகல்யாணியிலிருந்து பிரிக்கப்பட்ட வின்கிறிஸ்டின், 1963இல் அமெரிக்காவில் மனிதருக்கான மருந்தாக ஏற்கப்பட்டது. இந்தச் செடியைத் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களில் மானாவாரிப் பயிராகவே விளைவித்து ஏற்றுமதி செய்கிறார்கள். வாரம் ஒருமுறை சிரை வழியே செலுத்தினால், பெரும்பாலான நாய்களில் சில வாரங்களில் கட்டி மறைகிறது. ஊசி சிரைக்கு வெளியே கசிந்தால் சதை வெந்துவிடும், வெள்ளையணுக்களும் குறையும். ஆகவே இது மருத்துவர் கையால் மட்டுமே செய்ய வேண்டியது.

மடிப் புற்றைப் பொறுத்தவரை, வந்தபின் பிளாஸ்மாவைக் கழுவுவதைவிட வராமல் தடுப்பது எளிது. 1969இல் வெளியான ஷ்னைடர் குழுவின் ஆய்வின்படி, முதல் பருவத்துக்கு முன்பே கருத்தடை செய்த பெண் நாய்க்கு இந்தப் புற்று வரும் வாய்ப்பு, செய்யாத நாயோடு ஒப்பிட 0.5 விழுக்காடு, ஒரு பருவம் கழித்துச் செய்தால் 8 விழுக்காடு, இரண்டு பருவம் கழித்து 26 விழுக்காடு. இந்த எண்கள் அளவுக்கு மீறியவை என்று பின்னால் சிலர் வாதிட்டதும் உண்டு. கருத்தடை தெருநாய்களிடையே தொற்றும் கட்டியையும் குறைக்கும். இணை சேர்வது குறைவதே காரணம். இங்கிலாந்தில் அலையும் நாய்கள் கட்டுப்படுத்தப்பட்ட இருபதாம் நூற்றாண்டில் இந்தக் கட்டி அங்கே ஏறக்குறைய மறைந்தது.

எங்கள் வட்டத்தில் பால் பூத் அருகே கிடக்கும் செவலை நாய்க்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கட்டி வந்தது. பக்கத்து வீட்டுப் பையன், பத்தாம் வகுப்பு, என்னிடம் வந்து, "சார், நல்லா இருக்குற நாயோட ரத்தத்த இதுக்கு ஏத்துனா சரியாயிடுமா?" என்றான். கிரைலின் கதையை அவனுக்குச் சொன்னேன். "அப்ப நல்லா இருக்குற நாய் இல்ல சார், இதே நோய் வந்து சரியான நாயா இருக்கணும்" என்று அவனே திருத்திக்கொண்டான். கால்நடை மருத்துவர் வாரம் ஒன்றாக நான்கு ஊசி போட்டார். மருந்துச் செலவைப் பிள்ளைகள் தங்களுக்குள் வசூலித்தார்கள். கடைசி ஊசிக்குக் குறைந்ததை நான் போட்டேன். ஐந்தாம் வாரம் கட்டி இருந்த இடத்தில் தழும்பு மட்டும் இருந்தது. அதன் பிறகு அந்த நாய்க்குக் கருத்தடையும் செய்தாயிற்று.